மலைமேல் கேட்ட ரம்பம்

ரோஸ்லின் கடையில் ரொட்டியோடு ஊர்ச் செய்தியும் சூடாகக் கிடைக்கும். மாஹே தீவின் மலைச்சரிவில், இலவங்கப்பட்டை மரக்காட்டை ஒட்டிய கடை. கொஞ்ச நாளாக அங்கே ஒரே பேச்சு: பொழுது சாய்ந்தால் மேலே காட்டில் யாரோ ரம்பத்தால் மரம் அறுக்கிறார்கள்.

"வேற யாரு? ஜான்பத்திஸ்தான்," என்றாள் ரோஸ்லின், கருவாட்டை எடை போட்டபடி. "திருட்டு மரம் வெட்டி ஜெயிலுக்குப் போன கை சும்மா இருக்குமா?"

"நீ பார்த்தியா?" என்றாள் மீன் விற்கும் ஃபிரான்சினா.

"பார்க்கணுமா என்ன? காது இருக்குல்ல!"

தச்சன் ஜான்பத்திஸுக்கு ஜெயிலிலிருந்து வந்தபின் யாரும் வேலை தரவில்லை. பள்ளிக்கூடத்துப் பெஞ்சு வேலை இப்போதுதான் அமைந்திருந்தது. பேச்சு தலைமையாசிரியர் காதுக்கும் எட்ட, திருட்டு மரத்தில் பெஞ்சு வேண்டாம் என்று அதையும் நிறுத்திவிட்டார். பாவம், அவனிடம் ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை.

ஃபிரான்சினா மட்டும் விடவில்லை. "தினம் அறுக்குறான்னா ஒரு மரமாவது விழணுமே. விழுற சத்தமே காணோமே?"

இது ரோஸ்லினையும் குடைந்தது. கையும் களவுமாகப் பிடித்துக் காட்டுகிறேன் என்று, மறுநாள் மாலை தலைமையாசிரியரையும் ஃபிரான்சினாவையும் இழுத்துக்கொண்டு மலையேறினாள்.

பாதி வழியில் பின்னாலிருந்து ஒரு குரல். "என்னக்கா, கூட்டமா எங்க கிளம்பிட்டீங்க?"

சீமைப்பலாக்காய் மூட்டையோடு ஜான்பத்திஸ் நின்றான்.

அந்த நேரம் பார்த்து மேலே கேட்டது. கர்ர்க்... கர்ர்க்... அதே ரம்பம்!

தலைமையாசிரியர் டார்ச்சை அடித்தார். கிளையில் கைப்பிடி அளவு பழுப்பு ஆந்தை ஒன்று, தொண்டையை உப்பி உப்பிக் கத்திக்கொண்டிருந்தது.

"ஆத்தாடி, இத்தனூண்டு உடம்புலயா இவ்ளோ சத்தம்?" என்றாள் ஃபிரான்சினா. "எப்படி முறைக்குது பாரு!"

"நானே படத்துலதான் பார்த்திருக்கேன்," என்றார் தலைமையாசிரியர் வியப்போடு. "உலகத்துலயே இந்தத் தீவுல மட்டும்தான் இருக்கு." பிறகு வெட்கத்தோடு திரும்பினார். "ஜான்பத்திஸ், நாளைக்கே பெஞ்சு வேலையை ஆரம்பிப்பா."

ரோஸ்லின் தயங்கினாள். "நான்... அந்தச் சத்தம் நீதான்னு..."

"தெரியும்க்கா. பறவை மேல தப்பில்ல. அது தன் குரல்ல கத்துச்சு. அதுக்கு என் பேரை வச்சது நீங்க."

மறுநாள் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் ரோஸ்லின் உண்மையைச் சொன்னாள். பழியைச் சொன்னபோது உடனே நம்பியவர்கள், இப்போது சந்தேகமாகச் சிரித்தார்கள்.

"ஆந்தையா? நீ பார்த்தியா?"

"பார்த்தேன்," என்றாள் ரோஸ்லின், கண் கலங்க. "இதை முதல்லயே செஞ்சிருக்கணும். கண்ணால பார்க்காம ஒருத்தர் மேல பழி சொல்லாதீங்க. சொல்ல ஒரு நிமிஷம் போதும். அதைத் துடைக்க நான் இன்னும் எத்தனை பேர்கிட்ட கெஞ்சணுமோ!"