மனசு சரியில்லாதவள்

"இன்னிக்கு ஹெர்னியா ஆபரேஷன் யார் பண்றது?"

வார்டுக்குள் நுழைந்ததுமே கேட்டார் பெரிய சர்ஜன்.

"நான்தான் சார்," என்றாள் அவள். அறுவை சிகிச்சைப் பயிற்சியில் இரண்டாம் வருடம். முதல் கீறலிலிருந்து கடைசித் தையல்வரை தானே செய்யப்போகும் முதல் ஆபரேஷன்.

"நீ வேண்டாம். மனசு சரியில்லாதவங்க கையில நான் கத்தியக் குடுக்க மாட்டேன். நெட்டை, நீ பண்ணு."

அவளோடு படித்து அவளோடு பயிற்சிக்குச் சேர்ந்தவன், உயரத்தால் எல்லாருக்கும் நெட்டை, தலையைக் குனிந்தபடியே "சரி சார்" என்றான். கட்டிலில் கிடந்த நோயாளி, ஒரு பஸ் டிரைவர், அவளைப் பார்த்துப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். "அந்தம்மாவுக்கு என்ன வியாதி?" என்று அவர் நர்ஸிடம் கிசுகிசுத்தது எல்லார் காதிலும் விழுந்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அவளுக்கு முகமெல்லாம் பற்றி எரிந்தது. விறுவிறுவென்று கீழ்த்தளத்துக்குப் போனாள். எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்தில், பழைய சாமான்களை ஒதுக்கிவிட்டு நிர்வாகம் ஓர் அறை போட்டிருந்தது. பயிற்சி டாக்டர்களுக்கான மனநல ஆலோசனை அறை. போன வருடம் இதே சர்ஜனின் கீழிருந்த ஒரு பையன் பயிற்சியைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிப்போன பிறகு வந்த ஏற்பாடு. தூக்கம் கெட்டு, சர்ஜனின் குரல் கேட்டாலே அழுகை வர ஆரம்பித்ததும், அவளும் அங்கே சில தடவை போயிருந்தாள்.

"ரகசியம் ரகசியம்னு சொன்னீங்களே! ஊருக்கே தண்டோரா போட்டுட்டீங்களா?"

ஆலோசகர் நடுத்தர வயதுப் பெண்மணி. குரலை உயர்த்தவில்லை. ஆனால் முகம் கடுகடுத்தது. "உங்க சம்மதம் இல்லாம நான் வாயைத் திறக்க மாட்டேன். திறக்கவும் இல்ல. இங்க வர்றது வேற யாருக்குத் தெரியும்?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் இங்கே வரும் நேரத்தில் வார்டைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆளிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தாள்.

"என்மேல பாய்ஞ்சது போதும்," என்றார் ஆலோசகர். "நீங்க வேலைக்குத் தகுதியில்லன்னு அந்த சர்ஜன் தன் இஷ்டத்துக்கு முடிவு பண்ண முடியாது. அதுக்குன்னு ஆஸ்பத்திரியில இருக்கிற மருத்துவக் குழுதான் சோதிச்சுச் சொல்லணும். அதை அவர்கிட்டயே போய்க் கேளுங்க."

நெட்டை ஆபரேஷனை முடித்துவிட்டு, உடை மாற்றும் அறை வாசலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"நீதானே சொன்னே?"

"உன்மேல இருக்கிற கவலையிலதான்... நீ அழுறதைப் பார்த்து..."

"கவலைப்பட்டவன் என்கிட்ட வந்து கேட்டிருப்பான். நீ அவர்கிட்ட போயிருக்கே. என்ன சொன்னே?"

அவன் தேநீரைப் பார்த்தான். "கை நடுங்குதுன்னு."

"என் கை எப்படா நடுங்கிச்சு?"

"எனக்கும் ஆபரேஷன் பண்ணக் கேஸ் வேணும்ல?" என்று முனகினான் அவன். அவன் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது அவளுக்கு. அடக்கிக்கொண்டு சர்ஜனின் அறைக்கு நடந்தாள். கதவைத் தட்டி உள்ளே போனாள்.

"சார், நான் ஆபரேஷன் பண்ண லாயக்கில்லன்னா மருத்துவக் குழுவுக்கு அனுப்புங்க. அவங்க சோதிக்கட்டும்."

"யார்கிட்ட பேசறேன்னு தெரியுதா? நாங்கல்லாம் பயிற்சியில இருந்தப்போ அழறதுக்கு ரூம் போட்டுக் குடுத்தாங்களா?"

"குடுக்கல சார். அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? குழுவுக்கு அனுப்புறீங்களா, இல்ல நானே போகட்டுமா? நோயாளிங்க முன்னாடி நீங்க பேசினதையும் அங்க சொல்லுவேன்."

அவர் பேனாவை மேஜைமேல் வீசினார். குழு என்று வந்தால் ஓடிப்போன பையனின் கதையும் கிளறப்படும் என்பது இருவருக்கும் தெரியும்.

"அடுத்த ஹெர்னியா உனக்கு. வெளியே போ."

அந்த ஆபரேஷனை அவள் செய்தாள். சர்ஜன் கைகட்டிப் பின்னால் நின்று, அவள் தப்புச் செய்யக் காத்திருந்தார். தையல் ஒன்று கோணலாக விழுந்தது. "பிரி," என்றார். பிரித்துப் போட்டாள். எதிரே நெட்டை, வெட்டிய இடத்தைக் கருவியால் விலக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். முகமூடிக்குள்ளிருந்து மெல்ல, "மன்னிச்சிரு," என்றான்.

"சரியா இழுத்துப் பிடி. எனக்கு மறைக்குது."

முடிந்ததும் சர்ஜன் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுப் போனார். அதன்பின் பயிற்சி முடியும்வரை அவர் அவளைப் பற்றி நல்லதாக ஒரு சொல் சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. கீழ்த்தளத்து அறைக்குத் தொடர்ந்து போனாள். அடுத்த தடவை போனதும் முதல் வேலையாக ஆலோசகரிடம், "அன்னைக்குக் கத்தினது தப்பு," என்றாள்.

"ஆமா, தப்புதான். உட்காருங்க," என்றார் அவர்.