சசிகுமாரின் பிராஞ்ச்

2009ஆம் ஆண்டு. கும்மிடிப்பூண்டியில் லாரி எடைமேடைகளுக்கு மென்பொருள் எழுதும் சிறிய கம்பெனி ஒன்றில் நௌஷீன் வேலை பார்த்தாள். ஆளுக்கொரு பிராஞ்சில், அதாவது மூலப் புரோகிராமிலிருந்து பிரித்தெடுத்த தனிக் கிளையில், வேலை செய்து, அதைப் பொது சர்வரில் ஏற்றிவைப்பார்கள். வேலை முடிந்த பிராஞ்சுகளை அங்கிருந்து அழிப்பது நௌஷீனின் பொறுப்பு. ஒவ்வொன்றுக்கும் பெயருக்கு முன்னால் ஒரு கோலன் குறி (:) வைத்து, நீளமாக ஒரு வரி தட்டவேண்டும். அலுத்துப்போய் அவளே ஒரு குறுக்குவழி எழுதினாள். முதல் மூன்று எழுத்தைக் கொடுத்தால் போதும், அந்த எழுத்துகளில் தொடங்கும் எல்லாமே போய்விடும்.

வெள்ளிக்கிழமை அதை ஓட்டினாள். மூன்று பெயர்களை எதிர்பார்த்தாள், நான்கு போயிருந்தன. அதே மூன்று எழுத்தில் தொடங்கிய நான்காவது, உடன் வேலை பார்க்கும் சசிகுமாருடையது; இன்னும் முடியாதது. மூன்று வார உழைப்பு. அவன் அக்கா கல்யாணத்துக்கு லீவில் இருந்தான். அவன் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் பழுதாகி, முந்தின நாள்தான் மாற்றியிருந்தார்கள்; அதிலும் காப்பி இருக்காது. அதுவும் நௌஷீனுக்குத் தெரியும். திரையை அணைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினாள்.

திங்கட்கிழமை சசிகுமார் லீவு முடிந்து வந்தான். அவனைத் திட்டும் மேனேஜர் ஆதிகேசவனின் குரல் ஹால் முழுக்கக் கேட்டது.

"ஏத்தியிருந்தா எங்கபா போவும்? நீ ஏத்தவே இல்ல. கல்யாண ஜோர்ல மறந்துட்டு, இப்போ சர்வர் மேல பழி போடுற."

"ஏத்திட்டுதான் சார் போனேன்."

சசிகுமார் நேராக நௌஷீனிடம் வந்தான். "நௌஷீன், நீதானே சர்வரைப் பாக்குற. என்னுது கண்ல பட்டுதா?"

"இல்லையே" என்றாள். அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது.

அவன் முதலிலிருந்து எழுத ஆரம்பித்தான். செவ்வாய்க்கிழமை சாப்பிடக்கூட எழவில்லை. அவள் டிபன் பாக்ஸைத் திறந்தாள்; அப்படியே மூடி வைத்தாள்.

புதன்கிழமை காலை எல்லோரும் இருக்கும்போது எழுந்து நின்றாள். "சார், சசி ஏத்தித்தான் வச்சிருந்தாரு. நான்தான் அழிச்சிட்டேன். வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரியும்."

ஆதிகேசவன் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து மேஜை கவிப்பிரியா தன் கம்ப்யூட்டரில் எதையோ தேடினாள். "இரு, இரு. போன வாரம் சர்வர்ல இருந்ததெல்லாம் எறக்கினேன். சர்வர்ல அழிச்சாலும் என்னாண்ட அந்த காப்பி அப்படியே நிக்கும். இதோ கீது பாரு! சசி ஏத்தலைன்னு நீங்க சொன்னீங்க சார், அதான் நான் தேடவே இல்ல."

ஐந்து நிமிடத்தில் பிராஞ்ச் சர்வருக்குத் திரும்பியது. ஒரு வரிகூடக் குறையவில்லை. ஆதிகேசவன் சசிகுமாரின் தோளைத் தட்டி, "தப்பா பேசிட்டேன்பா" என்றார். நௌஷீனை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது.

சசிகுமார் இரண்டு நாளாக எழுதியதை அழித்துவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

"தப்பு யாருக்கும் வரும். ஆனா திங்கக்கிழமை உன்னாண்ட வந்து கேட்டேன் இல்ல?"



அதற்குப் பிறகும் அவன் முகம் கொடுத்துத்தான் பேசினான். ஆனால் சர்வரில் ஏதாவது தெரியவேண்டுமென்றால், அவள் மேஜையைத் தாண்டிப் போய் கவிப்பிரியாவைக் கேட்டான்.