கிணற்றில் விட்ட புண்ணியம்

சுருளிப்பட்டியில் எங்கள் திராட்சைப் பந்தலுக்கு அடியில் ஓர் ஆமை கிடந்தது. ஓடெல்லாம் மஞ்சள் நட்சத்திரக் கோடுகள். தண்ணீரில்லாமல் வாடுகிறதே என்று கிணற்றில் விடத் தூக்கிப் போனேன்.

"நில்லுங்க! அது காலைப் பாத்தீகளா?" என்றாள் என் மனைவி முனீஸ்வரி. "தண்ணி ஆமைக்கு விரலுக்கு நடுவுல சவ்வு இருக்கும். இதுக்கு யானைக்காலு மாதிரி உருண்டையா இருக்கு. இது தரை ஆமை. கிணத்துல போட்டா முங்கிச் செத்துப்போகும்."

எனக்குக் கோபம்தான் வந்தது. போன கோடையில் இதேபோல் ஒன்றைக் கிணற்றில் விட்டுவிட்டு, டீக்கடையில் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன் நான்.

"அப்ப நான் விட்ட ஆமை? அது இன்னும் உள்ளதான இருக்கும்?"

முனீஸ்வரி ஆமையை வாங்கி வேலியோரம் இறக்கிவிட்டாள்.

"மறுவாரம் கிணத்துத் தண்ணி நாறுச்சே, எதனாலன்னு நெனச்சீக?"