சம்பந்தியம்மாளுக்குப் பச்சைப் புடவை

தாம்பாளத்தின் மேல் மூடியிருந்த துண்டை விலக்கியதும் ரமணம்மாவின் முகத்திலிருந்த சிரிப்பு செத்துப்போயிற்று.

"இதி ஏமி அண்ணா?" என்றாள்.

"புடவை தங்கச்சி. நீங்க கேட்ட பச்சைதான்" என்றான் செங்கல்வராயன்.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் அவன் பாயின்ட்ஸ்மேன்; வண்டிகளை லைன் மாற்றி விடுகிற வேலை. விடிந்தால் அவன் மகள் ரத்னாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் சூளூர்ப்பேட்டையிலிருந்து மத்தியானப் பாசஞ்சரில் வந்து இறங்கியிருந்தார்கள். மோர் கொடுத்தாயிற்று. அடுத்தது சம்பந்தி மரியாதை. பெண் வீட்டார் எடுத்துக் கொடுக்கும் புதுத் துணியை உடுத்திக்கொண்டுதான் மாப்பிள்ளையைப் பெற்றவர்கள் முகூர்த்தத்தில் உட்கார வேண்டும் என்பது இரண்டு குடும்பத்துக்கும் பொது வழக்கம். மாப்பிள்ளையின் அப்பா கோட்டய்யாவுக்கு ஜரிகைக் கரை வேட்டி. அம்மா ரமணம்மாவுக்குக் கிளிப்பச்சையில் அரக்குக் கரை போட்ட புடவை. பார்த்தவர்கள் கண் வைத்துவிடுவார்கள் என்று அவன் மனைவி எல்லம்மா அதை நாலு நாளாகப் பெட்டியிலேயே பூட்டி வைத்திருந்தாள்.

ரமணம்மா அதைத் தொடவில்லை. "நேனு பச்ச கேட்டேன். இதி பச்ச இல்ல."

"இது பச்சை இல்லியா? இதுக்கு மேல பச்சை வோணும்னா வயல்லதாம்மா அறுத்தாரணும்!" என்று செங்கல்வராயன் சிரித்தான். கூட யாரும் சிரிக்கவில்லை.

ரமணம்மாவின் அண்ணன் சேஷய்யா முன்னால் வந்தார். மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். மரம் வாங்க அடிக்கடி பட்டணம் போய் வருகிறவர்; தமிழ் நன்றாகப் பேசுவார், குத்தலாகவும் பேசுவார்.

"இன்னா பாவா, ரயில்ல இருக்கேன், தெலுங்கு எனக்குத் தண்ணி பட்ட பாடுன்னு நிச்சயதார்த்தத்துல மார் தட்டினீங்களே! எங்க பேச்சுல பச்சன்னா மஞ்சள். காமாலை வந்தா பச்ச காமெர்லுன்னு சொல்றோம். உங்க பச்சைக்கு எங்க கிட்ட வேற பேரு. ஆகுபச்ச."

செங்கல்வராயன் துண்டை எடுத்துப் புடவையை மூடினான். நிச்சயதார்த்தத்தன்று, என்ன நிறத்தில் எடுப்பது என்று அவன்தான் கேட்டான். "பச்ச சீரே சாலு அண்ணா, பச்சதான் காவால" என்று அவள் சொன்னாள். பச்சைப் புடவை போதும், பச்சைதான் வேண்டும் என்கிறாள் என்று இவன் தலையாட்டினான். எதற்கும் இன்னொரு தடவை கேட்டுக்கொள்ளும்படி எல்லம்மா இடுப்பில் இடித்தாள். "எனக்குத் தெரியாத தெலுங்கா?" என்று அவளை அடக்கிவிட்டான்.

"தப்புதான், மன்னிச்சுக்குங்க. கலர்தானே தங்கச்சி? சாயந்திரத்துக்குள்ள வேற எடுத்தாந்துடறேன்."

ரமணம்மா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். கோபம் என்றால் சமாளித்திருக்கலாம். அவள் நடுங்கிக்கொண்டிருந்தாள். எல்லம்மா பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்த பிறகுதான் பேச்சு வந்தது. தெலுங்கும் தமிழுமாக அழுதுகொண்டே சொன்னாள்.

மூத்த பிள்ளையை அம்மை கொண்டுபோயிற்று. அதே மாதத்தில் இளையவனுக்கும் போட்டது. வாழை இலையில் கிடந்த பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போய், சூளூர்ப்பேட்டைச் செங்காளம்மன் கோயில் வாசலில் அவள் புரண்டாள். 'இந்த ஒண்ணை விட்டுடு தாயே. இவனுக்குப் பெண் கொடுக்கிற வீட்டில் மஞ்சள் புடவை வாங்கி உடுத்திக்கொண்டுதான் இவன் தாலி கட்டுவதைப் பார்ப்பேன்' என்று வேண்டிக்கொண்டாள். நிறைவேறும் வரை வெளியில் சொல்லக்கூடாத வேண்டுதல். கட்டிய புருஷனிடம்கூடச் சொன்னதில்லை.

"இப்ப வாயைத் தெறந்து சொல்லவும் சொல்லிட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "அம்மனுக்கு நேந்தது ஒண்ணு, வந்தது ஒண்ணு. என் புள்ளைய எடுத்துக்குவா அண்ணா. மூத்தவனை மாதிரி இவனையும் எடுத்துக்குவா."

"அம்மன் குறுக்க நிக்கிறா. அவ்ளோதான்" என்றார் சேஷய்யா. "சாயந்திர வண்டி இருக்கு. மூட்டையைக் கட்டுங்க."

உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. ரத்னாதான். அவளுக்கு ஒரு நிச்சயம் ஏற்கெனவே முறிந்திருந்தது. அதற்குப் பிறகு மூன்று வருஷம் அந்த வாசலை ஒருவரும் மிதிக்கவில்லை. பந்தல் போட்ட பிறகு இதுவும் நின்றால், அந்தப் பெண்ணை இந்த ஜன்மத்தில் எவன் கேட்டு வருவான்?

"வண்டி வர்றதுக்குள்ள மஞ்சள் புடவையோட வரேன். அதுவரைக்கும் போவாதீங்க" என்று சொல்லிவிட்டு, செங்கல்வராயன் பதிலுக்குக்கூட நிற்காமல், ஸ்டேஷனில் தன்னோடு வேலை பார்க்கும் ஜோசப்பின் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தான். டியூட்டியிலிருந்து வந்த காக்கி நிஜாரைக்கூட மாற்றவில்லை.

புதுவாயலில் அப்துல் வஹாப் ஜவுளிக் கடை திறந்திருந்தது. அதைப் பார்த்ததுமே செங்கல்வராயனுக்குப் பாதி உயிர் வந்தது.

"பாய், மஞ்சள்ல ஒரு புடவை. எதுவா இருந்தாலும் சரி."

"இன்னாப்பா, இப்பிடி மூச்சு வாங்கறே? உக்காரு. முகூர்த்த மாசத்துல வந்து மஞ்சள் கேக்கறியே, எல்லாம் போயிடுச்சே" என்று சொல்லிக்கொண்டே வஹாப் அலமாரியைக் குடைந்தார். அடியிலிருந்து ஒன்றை உருவினார். நல்ல மஞ்சள். கரை மட்டும் கன்னங்கறுப்பு.

"இதான் இருக்கு. யாருக்கு?"

"சம்பந்தியம்மாவுக்கு. அம்மன் வேண்டுதல்."

வஹாப் புடவையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "வேண்டுதலுக்குக் கறுப்புக் கரையா? கட்டிக்கினு உக்காருவாங்களா அவங்க? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன்னையும் ஏசுவாங்க, என் கடையையும் ஏசுவாங்க. பொன்னேரிக்குப் போ, கிடைக்கும்."

"போயிட்டு வர்றதுக்குள்ள அவங்க போயிடுவாங்க பாய்!"

கரையைக் கிழித்துவிட்டால் என்ன என்று கேட்டான். மஞ்சள் பாவாடை, மஞ்சள் தாவணி, எதுவாவது? கைத்தறித் துண்டு இரண்டைச் சேர்த்துத் தைத்தால்? வஹாப் பாவமாகப் பார்த்தார். அவர் பார்த்த பார்வையில், தான் பேசுவது பைத்தியக்காரப் பேச்சு என்று செங்கல்வராயனுக்கே புரிந்தது.

கவரைப்பேட்டையில் இருந்த ஒரே ஜவுளிக் கடை பூட்டிக் கிடந்தது. கதவைத் தட்டினான். உதைத்தான். பக்கத்து டீக்கடைக்காரர், கடைக்காரர் கல்யாணத்துக்குப் போயிருப்பதாகச் சொன்னார். திரும்பி வரும் வழியில் சைக்கிள் சங்கிலி இரண்டு தடவை கழன்றது. மூன்றாம் தடவை கழன்றபோது மாட்டாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஓடினான்.

தூரத்தில் கைகாட்டி இறங்கியிருந்தது. சாயந்திர வண்டிக்கு வழி விட்டாயிற்று.

வீட்டுக்குப் போகாமல் நேரே ஸ்டேஷனுக்கு ஓடினான். அவர்கள் பிளாட்பாரத்தில்தான் இருந்தார்கள். பெட்டி படுக்கையோடு. மாப்பிள்ளைப் பையன் டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரமணம்மா முக்காட்டை இழுத்து மூடியிருந்தாள். செங்கல்வராயனின் வெறுங்கையைப் பார்த்துவிட்டு சேஷய்யா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மாமா, உங்க கால்ல விழறேன்" என்று விழுந்தேவிட்டான்.

"எழுந்திருங்க. உங்க மேல கோவம் இல்ல. ஆந்திரா தனி, நீங்க தனின்னு போன வருசம் பிரிச்சாங்களே, சரியாத்தான் பிரிச்சிருக்காங்க. பேச்சே ஒத்து வரல, பொண்ணு எப்பிடி ஒத்து வரும்?" என்றார் சேஷய்யா.

செங்கல்வராயன் எழுந்தான். மணியடிக்கும் தண்டவாளத் துண்டருகே நின்ற ஜோசப்பிடம் போனான்.

"ஜோசப்பு, கைகாட்டியத் தூக்கிடு. வண்டி வெளியவே நிக்கட்டும்."

"இன்னாண்ணே பேசறே? வேலை போயிடும்ணே, உனக்கும் எனக்கும்."

"போவட்டும்டா!" என்று செங்கல்வராயன் பக்கத்திலிருந்த கைகாட்டி லிவரைப் பிடித்தான்.

"நிறுத்திட்டு இன்னா பண்ணுவே? ராத்திரியெல்லாம் நிக்க வெப்பியா? வண்டிக்குத்தாண்ணே நம்ம கிட்ட பாயின்ட்ஸ் இருக்கு. மனுசன் மனசை வேற லைனுக்குத் திருப்பறதுக்கு இன்னா இருக்கு?" என்று சொல்லி, ஜோசப் அவன் கையை லிவரிலிருந்து மெல்ல விலக்கினான்.

அப்போதுதான் எல்லம்மா வந்தாள். கேட்டைத் தாண்டி ஓட்டமாக வந்தாள். முழங்கை வரைக்கும் இரண்டு கையும் மஞ்சள். மார்போடு அணைத்திருந்த ஈர மூட்டையிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டிப் புடவை முழுக்க வழிந்திருந்தது.

"வதினா! அண்ணி!" என்று ரமணம்மாவின் முன்னால் போய் நின்று மூட்டையைப் பிரித்தாள். "மஞ்சள் கேட்டீங்கல்ல? இந்தாங்க."

சேஷய்யா குனிந்து பார்த்தார். "இது வேட்டியாச்சே!"

வேட்டிதான். கன்னிகாதானத்துக்கு உடுத்தவென்று செங்கல்வராயன் தனக்காக எடுத்து வைத்திருந்த எட்டு முழ வேட்டி. அது ஜோடியாகத்தான் நெய்து வரும். நடுவில் வெட்டினால் இரண்டு வேட்டி. வெட்டாமல் பிரித்தால் பதினாறு முழம், ஒரு புடவை நீளம். ரத்னாவின் நலங்குக்கு அரைத்து வைத்திருந்த மஞ்சளையெல்லாம் அண்டாவில் கரைத்து, எல்லம்மா அதை முக்கி எடுத்திருந்தாள்.

"ஆம்பளை வேட்டியைக் கட்டிக்கினு சபையில உக்காரணுமா என் தங்கச்சி?" என்றார் சேஷய்யா.

"நீங்க சும்மா இருங்கண்ணா. நான் அவங்க கிட்ட பேசறேன்" என்றாள் எல்லம்மா. அவளுக்கு மூச்சு இரைத்தது. "வதினா, வேண்டுதல்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மெட்ராசுக்கே ஓடியிருப்பேன். சொல்லக்கூடாதுன்னு வாயைக் கட்டிக்கினீங்க. எங்களுக்கு உங்க பாஷை தெரியல. ஒத்துக்கறேன். ஆனா செங்காளம்மாவுக்கு எங்க பாஷை தெரியாதா? இந்தப் பக்கத்துலேர்ந்து எத்தினி பேரு அவ கிட்ட வந்து தமிழ்ல அழுவறோம்? நீங்க கேட்டப்போ இந்த மனுசன் இன்னா நெனச்சிக்கினு தலையாட்டினாருன்னு அவளுக்குத் தெரியாதா?"

ரமணம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"இது புதுசு. ஒருத்தரும் உடுத்தாதது. எங்க ஊட்டு மஞ்சள். பொண்ணுக்குப் பூசறதுக்கு வெச்சிருந்த மஞ்சள். இதுக்கும் அவ கோவிச்சுக்குவான்னா, அந்தக் கோவம் என் தலையில வரட்டும். உங்க புள்ள மேல வாணாம்."

சூளூர்ப்பேட்டைக்குப் போகவேண்டிய வண்டி தெற்கே கூவியது. பிளாட்பாரம் அதிர ஆரம்பித்தது. கூலிகள் மூட்டைகளைத் தூக்கினார்கள். ரமணம்மா ஈரத் துணியின் ஒரு முனையை எடுத்து முகர்ந்தாள். வண்டி வந்து நின்றது. சேஷய்யா ஒரு பெட்டியின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ராவே ரமணா!" என்று அதட்டினார்.

அவள் அந்த ஈரத் துணியை அப்படியே தோளைச் சுற்றிப் போர்த்துக்கொண்டாள்.

"அம்மன் ஒத்துக்குவாளோ மாட்டாளோ, நாக்குத் தெலியாது, எனக்குத் தெரியாது" என்றாள். பல் கிட்டியது அவளுக்கு. "இப்படியே திரும்பிப் போனா மட்டும் பயம் போயிடுமா? என் புள்ள எங்க இருந்தாலும் அவ பார்வைலதான் இருக்கான். இங்கயே இருக்கட்டும்."

மாப்பிள்ளைப் பையன் டிரங்குப் பெட்டியை விட்டு எழுந்தான். எழுந்து அதை ஸ்டேஷன் வாசல் பக்கமாகத் தூக்கினான். சேஷய்யா வண்டிக் கதவைப் பிடித்தபடி ஒரு நிமிஷம் நின்றார்; வண்டி நகர ஆரம்பித்ததும், தாய்மாமன் இல்லாமல் கல்யாணமா என்று யாரையோ திட்டிக்கொண்டே கீழே குதித்தார்.

செங்கல்வராயன் அங்கே இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். அதுவரை ஒரு வார்த்தையும் பேசாத கோட்டய்யா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பாவா, ரேப்பு... நாளைக்கி நீங்க இன்னா கட்டுவீங்க?"

செங்கல்வராயன் குனிந்து தன் காக்கி நிஜாரைப் பார்த்தான். எண்ணெய்க் கறை. சங்கிலிக் கறை. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"மகனே, பெட்டியை இறக்கு" என்றார் கோட்டய்யா. பெட்டிக்குள் மேலாகவே இருந்தது ஜரிகைக் கரை வேட்டி. "புடவையோட இதையும் உங்க ஊட்லயே வெச்சுட்டு வான்னாரு மச்சான். எனக்கு மனசு வரல. இதுவும் ஜோடிதானே? ஆளுக்கு ஒண்ணு."

"கல்யாண ஊட்ல துணி கிழிக்கிற சத்தம் கேக்கக்கூடாது!" என்று ரமணம்மா பதறினாள்.

"அதுக்குத்தான் இங்கயே" என்றார் கோட்டய்யா.

ஜோசப் ஸ்டேஷன் விளக்குகளுக்குத் திரி வெட்டும் கத்தரியைக் கொண்டுவந்தான். ஒரு முனையைக் கோட்டய்யாவும் மறு முனையைச் செங்கல்வராயனும் பிடித்துக்கொள்ள, நடுவில் வெட்டினான். ஒரு பாதியின் ஓரத்தில் விளக்குக் கரி அப்பிக்கொண்டது. கோட்டய்யா அதைக் கண்டதும் உள்பக்கமாக மடித்துத் தன் அக்குளில் இடுக்கிக்கொண்டார். சுத்தமான பாதியைச் செங்கல்வராயன் கையில் வைத்தார்.