இரண்டு நாள் காய்ச்சல்

என் கணவருக்கு இரண்டு நாளாகத்தான் காய்ச்சல் என்று அவருடைய அண்ணன் வார்டில் எல்லோரிடமும் அடித்துச் சொன்னார். அண்ணனும் தம்பியும் சேர்ந்து சலூன் நடத்துகிறார்கள். இவர் முந்தாநாள்தான் கடையில் சரிந்து விழுந்தார். எங்கள் வீட்டில் வேலைக்குப் போகாத நாளிலிருந்துதான் நோய்க்குக் கணக்கு. அதுவரைக்கும் அதற்குப் பெயர் அசதி.

கிளினிக்கில் ஊசி போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள். இங்கே முதுகுத்தண்டில் நீர் எடுத்து, மூளைக்காய்ச்சல் என்றார்கள். ஆன்டிபயாடிக் ஏறிக்கொண்டே இருந்தது. இவர் கண் திறக்கிற வழியாக இல்லை.

ஒரு டாக்டரம்மா மட்டும் திரும்பத் திரும்ப வந்து, காய்ச்சல் எப்போது ஆரம்பித்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் மனதுக்குள் அவருக்கு வைத்த பெயர் நச்சரிப்பு.

"எத்தனை தடவை கேட்டாலும் ரெண்டு நாள்தான் டாக்டர். நீங்க வைத்தியத்தப் பாருங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"முதுகுத்தண்டு நீர் தெளிவா இருக்கும்மா. வழக்கமான கிருமின்னா கலங்கலா இருக்கணும். கிளினிக்ல போட்ட ஊசியால தெளிஞ்சிருக்கலாம். இல்லன்னா இது டிபி கிருமியா இருக்கலாம். ரெண்டுக்கும் மருந்து வேற வேற. நீரை மட்டும் வச்சு என்னால பிரிச்சுச் சொல்ல முடியல."

"டிபியா? எங்க பரம்பரைலயே கிடையாது. அவன் இருமினதே இல்ல" என்றார் அண்ணன்.

"இருமாமலும் வரும்ங்க." டாக்டர் என் பக்கம் திரும்பினார். "காய்ச்சலை விடுங்க. உங்க வீட்டுக்காரர் கடைசியா எப்ப உங்களோட சண்டை போட்டார்?"

இது என்ன கேள்வி என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் யோசித்தேன். நாங்கள் மின்விசிறி வேகத்துக்குக்கூட மல்லுக்கட்டுகிறவர்கள்.

"மூணு வாரமா சத்தமே இல்ல டாக்டர். மனுஷன் திருந்திட்டார்னு நினைச்சேன். பாதிச் சாப்பாட்டுல எழுந்துடுவார். சாயங்காலமானா உடம்பு சுடும். தலைவலிக்குதுன்னு லைட்டை அணைக்கச் சொல்வார்."

அண்ணன் தொண்டையைச் செருமினார். "விழறதுக்கு முன்னால நாலஞ்சு நாளா, கடைக்கு வர்றவங்க கிருதாவ ஒண்ணு மேல, ஒண்ணு கீழன்னு வெட்டினான். நான்தான் பின்னாலயே சரி பண்ணிக்கிட்டிருந்தேன். கேட்டா, எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதுன்னான். குடிக்கிறான்னு நினைச்சு வெளிய சொல்லல."

டாக்டர் சட்டென்று எழுந்து இவருடைய இமைகளைத் தூக்கிப் பார்த்தார். ஒரு கருமணி மூக்குப் பக்கமாக ஒதுங்கிக் கிடந்தது.

"வழக்கமான கிருமி ஓரிரு நாள்ல ஆளை அடிச்சுப் போட்டுடும். இப்படி வாரக்கணக்கா பதுங்கி வராது" என்றவர், நர்ஸிடம் டிபி மருந்தும் ஸ்டீராய்டும் உடனே ஆரம்பிக்கச் சொன்னார். ஆன்டிபயாடிக்கையும் இப்போதைக்கு நிறுத்த வேண்டாம் என்றார். கிருமி வளர்ந்து முடிவு தெரிய வாரக்கணக்கில் ஆகுமாம்.

சண்டையைக் கேட்டு நோயைப் பிடித்த மனுஷியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நச்சரிப்பு என்ற பெயரை அன்றைக்கே வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

இவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தார். முடிவு வந்தபோது மெல்ல நடக்கவே ஆரம்பித்திருந்தார். டிபிதான். இருவருமாகப் போய் அந்தப் பேப்பரை டாக்டரிடம் காட்டினோம்.

"அன்னைக்கே உங்களுக்கு நிச்சயமா தெரியுமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. நிச்சயமா தெரியட்டும்னு காத்திருந்தா, இந்தப் பேப்பரை வாங்க நீங்க மட்டும்தான் வந்திருப்பீங்க."

பக்கத்தில் நின்றவரின் சட்டையை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.