நீல லைட்டும் வெள்ளை லைட்டும்

என் வீட்டுக்காரர் பொன்னுச்சாமி யாரையும் நம்ப மாட்டார். பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பிறகும் செம்பைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். திருச்சுழியில் ஜவுளிக்கடை வைத்திருப்பதால் வந்த குணம் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். எனக்கென்னவோ அது கூடவே பிறந்தது என்றுதான் தோன்றும்.

தொண்ணூற்று ஒன்றில் எங்களுக்குப் பையன் பிறந்தான். அருப்புக்கோட்டையில் ஒரு லேடி டாக்டரின் ஆஸ்பத்திரியில் பிரசவம். கொஞ்ச நாளிலேயே பிள்ளைக்கு மஞ்சள் காமாலை உள்ளங்கால் வரை பரவிவிட்டது. "மஞ்சள் குறைய லைட்டுக்கு அடியில போடுவோம். குறையலேன்னா மதுரைக்குக் கொண்டுபோய் ரத்தத்தையே மாத்தணும். அசட்டையா இருந்தா மூளையைப் பாதிச்சிரும்" என்றார் டாக்டர்.

அங்கே லைட் கட்டில் இரண்டுதான். ஒன்றின் மேல் நீல டியூப்லைட், இன்னொன்றின் மேல் வெள்ளை. எங்கள் பிள்ளையைக் கண்ணைக் கட்டி நீலத்தில் கிடத்தினார்கள். வெள்ளையில் பாளையம்பட்டி ஜெபதுரை வாத்தியாரின் பெண் குழந்தை கிடந்தது.

என் வீட்டுக்காரர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். நீல வெளிச்சத்தில் எங்கள் பிள்ளை உடம்பில் மஞ்சளே தெரியவில்லை. வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

"இந்தா பாரு சௌந்தரம்" என்று என் கட்டிலருகே குனிந்தார். "கடை லைட்டுல சேலை வேற கலர் காட்டும். அதான் பொம்பளைக தெருவுக்குக் கொண்டுபோயி வெயில்ல விரிச்சுப் பாக்குறாக. இங்கயும் அந்த வேலைதான் நடக்குது. நீலத்தைப் போட்டு மஞ்சளை மறைக்கிறாக. வாத்தியார் பிள்ளை மேல மஞ்சள் அப்படியே தெரியுதுல்ல? அதுதான் நெசமான மிஷினு."

கட்டிலை மாற்றச் சொல்லிச் சத்தம் போட ஆரம்பித்தார். டாக்டர் இன்னொரு பிரசவத்தில் இருந்தார். நர்ஸ் சூசையம்மாள் கெஞ்சிப் பார்த்தார். ஜெபதுரை எழுந்து வந்தார்.

"அண்ணாச்சி, நீல லைட்டுதான் சீக்கிரம் குறைக்குமாம். உங்க பிள்ளைக்கு மஞ்சள் கூடுதல்னுதான் அதுல போட்டுருக்காக."

வினையே அங்கேதான். "கேட்டியா? அடுத்தவன் சரக்கை எந்த யாவாரியாவது புகழுவானா? நல்லதைத் தான் வச்சுக்கிட்டு நம்மளை ஏய்க்கிறாரு" என்றார் என்னிடம். வேண்டாம் என்று நான் சொன்னதைக் காதில் வாங்கவே இல்லை. மாற்றாவிட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்று கதவருகே நின்றார். வெளிச்சமே இல்லாமல் போவதற்கு வெள்ளையாவது கிடைக்கட்டும் என்று நர்ஸ் பயந்துபோய் மாற்றிவிட்டார்.

மறுநாள் காலையில் ரத்தம் பார்த்தார்கள். வாத்தியார் பிள்ளைக்கு மஞ்சள் குறைந்திருந்தது. எங்கள் பிள்ளைக்கு ஏறியிருந்தது.

டாக்டர் எல்லோரையும் பிடித்துத் திட்டினார். "நீலத்துல நம்ம கண்ணுக்கு மஞ்சள் தெரியாது, வாஸ்தவம்தான். அதுக்காகத்தானே ரத்தத்தை எடுத்துப் பாக்குறோம்? இன்னும் ஏறுச்சுன்னா மதுரைதான்" என்றார். பிள்ளைக்குப் புத்தி பேதலித்துப் போகுமோ என்று நான் வாய்விட்டு அழுதேன்.

டாக்டர் பேசி முடிப்பதற்குள் வாத்தியார் மனைவி ஈவா தன் குழந்தையை நீலக் கட்டிலிலிருந்து தூக்கிவிட்டாள். "அக்கா, அழாதீங்க. தம்பியை இதுல போடச் சொல்லுங்க" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இவர் என் காதருகே வந்தார். "அவுக பிள்ளைக்குக் குறைஞ்சிருச்சுல்ல, அதான் குடுக்குறாக."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. "சிஸ்டர், முதல்ல இவுகளை வெளிய அனுப்பிட்டுக் கதவைச் சாத்துங்க" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் முன்னால் குரலை உயர்த்தியதில்லை. அவர் வெளியே போனார்.

அன்றைக்குப் பகலும் ராத்திரியும் பிள்ளை நீலத்தில் கிடந்தான். விடிந்ததும் மறுபடி ரத்தம் பார்த்தார்கள். நன்றாகவே குறைந்துவிட்டது, மதுரைக்குப் போக வேண்டியதில்லை என்றார் டாக்டர். கும்பிடக்கூடக் கை எழும்பாமல் படுத்துக் கிடந்தேன். சூசையம்மாள் சந்தோஷமாகக் கதவைத் திறந்து என் வீட்டுக்காரரிடம் சொல்லப் போனார்.

வெளியிலிருந்து அவர் குரல் கேட்டது.

"அது எங்க பிள்ளை ரத்தந்தானா? மாத்தி கீத்தி எடுத்துறலையே?"

பிரசவத் தையல் வலிக்க வலிக்கச் சிரித்தேன். பிள்ளை பிழைத்துவிட்டான், இனி நான்தான் பிழைக்க வேண்டும் என்று நினைத்ததும் சிரிப்பு அழுகையாகிவிட்டது.