கோட்டுக்கு அங்கிட்டு

எழிலரசனுக்குச் சம்பளம் தருவது பெங்களூரில் இருக்கும் ஒரு கம்பெனி. அவன் உட்கார்ந்து வேலை பார்ப்பது ஜெகதாப்பட்டினத்தில், தன் வீட்டு மாடியறையில். ஆர்டர் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களின் செல்போனில், சாமான் கொண்டுவரும் வண்டி எந்தத் தெருவில் வருகிறது என்று ஒரு சின்ன அம்புக்குறி ஊர்ந்து காட்டுமே, அதை ஊர வைக்கிற கூட்டத்தில் அவனும் ஒருத்தன்.

அறையில் இரண்டு பெரிய திரைகள், பறக்காத ஒரு டிரோன், பிரித்துப் போட்ட பழைய ரேடியோக்கள், மேஜையில் இடம் போதாமல் கட்டில் வரை இறங்கிவிட்ட வயர்கள். துணி காயப்போட மாடிக்கு வரும் அம்மா அழகி வாசலோடு நின்றுகொண்டு, "எதுல கால வச்சா ஷாக் அடிக்கும்னு மொதல்ல சொல்லு, அப்பறம் உள்ள வாரேன்" என்பாள். பெங்களூரில் மூன்று வருடம் இருந்தபோது கூடச் சுற்ற ஆறேழு பேர் இருந்தார்கள். ஊருக்கு வந்தபின் லேப்டாப்பை மூடினால் பேசுவதற்கு இருந்தவன் ஒருத்தன்தான், பெலிக்ஸ்.

பெலிக்ஸ் பன்னிரண்டாம் வகுப்பு வரை அவனோடு ஒரே பெஞ்ச். இப்போது நல்லதம்பி என்பவரின் விசைப்படகுக்கு டிரைவர். கடலுக்குப் போகாத நாட்களில் மாடிக்கு வந்து, கட்டிலில் கிடக்கும் வயர்களைக் காலால் ஒதுக்கிவிட்டு மல்லாந்து படுத்துக்கொள்வான். அப்படிப் படுத்திருந்த ஒரு நாள்தான் கேட்டான்.

"ஏன் மாப்ள, பெங்களூர்ல ஒருத்தன் வாங்குன புரோட்டா எந்தச் சந்துல வருதுன்னு ஒனக்குத் தெரியுது. நான் கடல்ல எங்கிட்டு கெடக்கேன்னு எம் பொண்டாட்டிக்குத் தெரியல. இதுக்கு ஒண்ணும் பண்ண முடியாதா?"

விளையாட்டுக்குத்தான் கேட்டான். எழிலுக்கு அது பிடித்துக்கொண்டது.

கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனாலே செல்போனில் டவர் இருக்காது. அதனால் ரேடியோ அலையில் ஓடுகிற ஒரு கருவியைச் செய்தான். சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். தான் இருக்கும் இடத்தை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கரைக்குச் சொல்லும். நான்கு மாதத்துச் சனி ஞாயிறு முழுக்க அதிலேயே போயிற்று. ஐஸ் பிளாண்டின் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் ஆண்டெனா கட்ட நல்லதம்பிதான் பேசி இடம் வாங்கிக் கொடுத்தார். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்கிய ஜூன் மாதக் காலையில், திரையில் ஒரு பச்சைப் புள்ளி இறங்குதளத்தை விட்டு நகர்ந்தது. எழிலுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கம்பெனியில் லட்சக்கணக்கான அம்புக்குறிகளை ஓட விட்டவன். ஒன்றுக்கும் இப்படி ஆனதில்லை.

பெலிக்ஸின் மனைவி அன்புமொழி பக்கத்தில் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். அவள் போனிலும் அந்த வரைபடம் தெரியும்படி செய்து கொடுத்தான். ஒரு வாரம் கழித்து வழியில் பார்த்தபோது, "இப்பத்தாண்ணே அவரு கடல்ல இருக்க அன்னைக்கும் சோறு எறங்குது" என்றாள்.

கருவியில் ஒரு குறை இருந்தது. அது சொல்லும், கேட்காது. கரையிலிருந்து படகுக்கு ஒரு சேதி அனுப்ப முடியாது. "அதையும் போட்டுரு மாப்ள" என்று பெலிக்ஸ் இரண்டு முறை சொன்னான். அடுத்த மாதம் ஆகட்டும் என்றான் எழில். அதற்குள் ஒரு புதுப் போன் வாங்கி அதை நோண்டிக்கொண்டிருந்தான். டிரோனும் பாதியில் கிடந்தது. அந்த மாதம் அப்படியே போனது.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு புதன்கிழமை. காலையில் பெலிக்ஸ் மூன்று பேரோடு கடலுக்குப் போயிருந்தான். மதியம் இரண்டு மணிக்கு எழிலுக்கு ஆபீஸ் மீட்டிங் தொடங்கியது. இடது பக்கத் திரையில் மேனேஜர் சூர்யபிரகாஷின் முகம், வலது பக்கத் திரையில் வழக்கம்போல் கடல். இரண்டு பத்துக்குப் புள்ளி நின்றது. வலையை இழுக்கிறார்கள் என்று நினைத்தான். இரண்டரைக்கு மறுபடி நகர்ந்தது. ஆனால் அது படகு ஓடுகிற மாதிரி இல்லை. மணிக்கு ஒரு மைல்கூட இல்லாத வேகம், ஒரே திசை, வடகிழக்கு. ஜன்னலுக்கு வெளியே கச்சான் காற்றில் கொடித்துணிகள் எல்லாம் அதே பக்கம் பறந்துகொண்டிருந்தன. தென்மேற்கிலிருந்து அடிக்கிற அந்தக் காற்றுதான் படகைத் தள்ளுகிறது என்று அவனுக்குப் புரிந்தது. புள்ளிக்கு முன்னால், இரண்டு நாட்டுக் கடலையும் பிரிக்கிற சிவப்புக் கோடு. ஒன்றரை மைல்தான் இருந்தது.

பெலிக்ஸின் நம்பருக்கு அடித்தான். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. தெரிந்தே அடித்தான், மறுபடியும் அடித்தான். பிறகு நல்லதம்பியைக் கூப்பிட்டான்.

"எஞ்சின் நின்னுருச்சு போலண்ணே. போட்டு மெதக்குது. கோட்டுப் பக்கம் போகுது."

"நங்கூரம் போட்டிருப்பானேப்பா?"

"போட்டிருந்தா நிக்கணும்லண்ணே. நிக்கலயே."

நல்லதம்பி வாக்கி டாக்கியில் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பத்து நிமிடத்தில் திரும்பப் பேசினார். "நம்ம போட்டுலேருந்து சத்தமே இல்ல. மத்த போட்டெல்லாம் தெக்க போயிருச்சு தம்பி. ரெண்டு போட்டத் திருப்பச் சொல்லிருக்கேன். எவ்வளவு வெரசா வந்தாலும் ரெண்டு ரெண்டரை மணி நேரம் ஆகும்."

மீன்வளத் துறை அலுவலகத்துக்கும் பேசினான். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டார், படகு நம்பரையும் இடத்தையும் எழுதிக்கொண்டார். "மேல சொல்லிட்டேன் தம்பி, நம்ம கோஸ்ட் கார்டு கப்பலுக்கும் தகவல் போயிருச்சு. நீங்க எடத்த மட்டும் அனுப்பிக்கிட்டே இருங்க" என்றார். கோபப்பட ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. செய்ய வேண்டியதை எல்லாரும் செய்துகொண்டுதான் இருந்தார்கள். புள்ளியும் நகர்ந்துகொண்டுதான் இருந்தது.

"எழில், உன் ஸ்கிரீனைக் காட்டு, அந்த எரரைப் பார்க்கலாம்" என்றார் சூர்யபிரகாஷ். பதற்றத்தில் எழில் வலது பக்கத் திரையைக் காட்டிவிட்டான். பதினொரு பேருக்கு முன்னால் நீலமாகக் கடல் விரிந்தது.

"என்ன இது?"

"என் ஃப்ரெண்டு சார். எஞ்சின் நின்னுபோய் பார்டர் பக்கம் போயிட்டிருக்கான்."

 சூர்யபிரகாஷ், "நீ போ எழில். இதை நாங்க பார்த்துக்கிறோம். போ" என்றார்.

"எங்க சார் போறது?" என்று கேட்டான் எழில். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவனுக்குத் தெரியவில்லை. எழுந்தான், கதவு வரை போனான், திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தான். விரலை நீட்டினால் படகைத் தொட்டுவிடலாம் போல இருந்தது. ஒருமுறை நிஜமாகவே திரையில் விரலை வைத்தான். புள்ளி விரலுக்கு அடியில் மறைந்து, எடுத்ததும் கொஞ்சம் தள்ளித் தெரிந்தது.

மூன்றரைக்கு அன்புமொழியின் போன் வந்தது.

"அண்ணே, அவரு கோட்டுகிட்ட போறாரே. எப்பவும் அங்கிட்டு போகமாட்டாருல்ல?"

"அது கொஞ்சம் முன்ன பின்ன காட்டும்மா. வலை போட்டிருப்பான்."

"இவ்வளவு மெதுவா போகுதே."

"வலை கனமா இருக்கும்."

அவள் எதிர்முனையில் மூச்சுவிடுவது கேட்டது. பின்னால் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். "புள்ளைகள வேன்ல ஏத்திவிட்டுட்டு வாரேண்ணே" என்று வைத்துவிட்டாள்.

அன்று முழுவதும் எழிலால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்றுதான். நான்கு பத்துக்கு, அவள் போனுக்குப் போகிற வரைபடத்தை நிறுத்தினான். ஒரு பட்டனைத் தட்டுகிற வேலை. பத்து நிமிடம் கழித்துப் புள்ளி சிவப்புக் கோட்டைக் கடந்தது. கடந்ததும் எந்த மாற்றமும் இல்லை. அதே நீலம், அதே வேகம். உதவிக்குத் திரும்பிய இரண்டு படகுகளும் இன்னும் நான்கு மைல் பின்னால் இருப்பதாக நல்லதம்பி சொன்னார். "கோடு வரைக்கும் வருவாங்கப்பா. அதுக்கு மேல நான் எப்புடிப் போகச் சொல்றது? அவங்களுக்கும் புள்ள குட்டி இருக்குல்ல." 

ஐந்து மணி இருக்கும். மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. அன்புமொழி பள்ளிக்கூடச் சேலையோடு, தோள்பையைக்கூட இறக்காமல் வந்து நின்றாள். போனை நீட்டினாள்.

"வரலண்ணே. சுத்திக்கிட்டே இருக்கு."

"சர்வர் பிராப்ளம்மா. சரியாயிரும்."

சொல்லி முடிப்பதற்குள் அவள் பார்வை அவன் தோளைத் தாண்டிப் போயிருந்தது. தன் திரையை மூட வேண்டும் என்று எழிலுக்குத் தோன்றவே இல்லை. அவள் இரண்டு வயர்களைத் தாண்டி மெதுவாகக் கிட்டே வந்தாள்.

"ஒங்களுக்கு வருதே" என்றாள்.

 இருவரும் பார்த்துக்கொண்டிருந்தபோதே புள்ளி சட்டென்று வேகம் பிடித்தது. மணிக்கு ஆறு மைல், நேர் கிழக்கே. ஒரு கணம் அவள் முகம் மலர்ந்தது. "எஞ்சின் வந்துருச்சா?" என்றாள். கிழக்கே எதற்குப் போகிறான் என்று அவளுக்கும் அடுத்த கணமே தோன்றியிருக்க வேண்டும். கோட்டுக்கு அந்தப் பக்கத்து நாட்டின் ரோந்துக் கப்பல் கட்டி இழுத்துக்கொண்டு போகிறது என்பதை அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கட்டிலின் ஓரத்தில், வயர்கள் மேலேயே உட்கார்ந்தாள். அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அன்புமொழி குடிக்கவில்லை, சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். ஐந்து நாற்பதுக்குப் புள்ளி ஆண்டெனாவுக்கு எட்டாத தூரத்துக்குப் போய் மறைந்தது.

நான்கு பேரும் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு அந்த நாட்டுச் சிறையில் இருக்கிறார்கள் என்று மறுநாள் காலை வாட்ஸ்அப்பில் வந்தது.

எழில் இரண்டு நாள் லீவு போட்டான். கருவி அனுப்பிய இடங்களை எல்லாம் வரிசையாக எடுத்தான். எத்தனை மணிக்கு எஞ்சின் நின்றது, எவ்வளவு வேகத்தில் மிதந்தது, காற்று அதை எந்தப் பக்கம் தள்ளியது, எல்லாம் அதில் இருந்தன. படகு போகவில்லை, தள்ளப்பட்டது என்று சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும். இருபத்திரண்டு பக்கம் பிரிண்ட் எடுத்துக்கொண்டு, நல்லதம்பியோடு புதுக்கோட்டைக்குப் போய், இந்த வழக்குக்காக அந்த நாட்டு வக்கீலோடு போனில் தொடர்பு வைத்திருந்த ஒரு வழக்கறிஞரைப் பார்த்தான். அவர் ஒரு பக்கம் விடாமல் புரட்டினார்.

"நல்லா இருக்கு தம்பி. இந்தக் கருவி எந்தக் கம்பெனி?"

"நான் செஞ்சது சார்."

"நீங்கன்னா? லைசென்ஸ், சர்டிபிகேட் ஏதாச்சும்?"

"இல்ல சார். ஹாபியா செஞ்சது."

அவர் தாள்களை அடுக்கித் தட்டி மேஜையில் வைத்தார். "நான் நம்புறேன். ஆனா இத கோர்ட்ல வச்சா, ஃப்ரெண்டு வீட்ல உக்காந்து தயார் பண்ணதுன்னு ஒரு வார்த்தைல முடிச்சிருவாங்க. அனுப்பி வைக்கிறேன். பெருசா எதிர்பாக்காதீங்க." அனுப்பினார். அதைப் பற்றி அங்கிருந்து ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.

நாற்பத்து மூன்று நாள் கழித்து நான்கு பேரையும் விட்டார்கள். படகை விடவில்லை. விமானத்தில் சென்னைக்கு வந்து, அங்கிருந்து வேனில் ஒரு மத்தியான நேரத்தில் ஊர் வந்து இறங்கினார்கள். பெலிக்ஸ் பாதியாக இளைத்திருந்தான். இரண்டு நாள் கழித்துத்தான் மாடிக்கு வந்தான். கட்டிலில் படுக்கவில்லை, ஓரமாக உட்கார்ந்தான்.

"நங்கூரம் போட்டோம்டா. கயிறு அத்துக்கிச்சு. வாக்கியில தண்ணி பூந்துருச்சு. ஒண்ணு மாத்தி ஒண்ணு" என்றான்.

"நான் அந்தத் திரும்பிப் பேசுறத மட்டும் போட்டிருந்தேன்னா..."

"போட்டிருந்தா மட்டும்? 'மாப்ள, கோட்டுகிட்ட போற'ன்னு சொல்லிருப்ப. அது எனக்கே தெரியும்டா." சிரிக்கப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். "அன்பு எவ்வளவு நேரம் பாத்தா?"

"கொஞ்ச நேரந்தான்."

"தூக்கத்துல எந்திரிச்சு போனத் தொறந்து பாக்குறாடா. நான் பக்கத்துலதான் படுத்திருக்கேன்." கொஞ்ச நேரம் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "சனிக்கிழமை வேற போட்டுல போறேன். டிரைவரா இல்ல, வலை இழுக்குற ஆளா. அதுல எதையும் மாட்டாத. அவ கேட்டாலும் செஞ்சு கொடுக்காத. எனக்காக."

எழில் சரி என்றான்.

சனிக்கிழமை படகுகள் போன பிறகு, பத்தரை மணிக்கு அன்புமொழி வந்தாள். அன்று பள்ளி இல்லை. அறைக்குள் வராமல் வாசலில் நின்றாள்.

"அவரு சொல்லிருப்பாருன்னு தெரியும்ணே. ஒங்ககிட்ட சத்தியம்கூட வாங்கியிருப்பாரு. அன்னைக்கு நீங்க நிறுத்துனதும் தெரியும். எனக்கு அதுல கோவம் இல்ல." கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "பாத்தா பயமா இருக்குதான். பாக்காம இருக்கது அதவிட பயமா இருக்கு. இப்ப போயிருக்க போட்டுல எதுவும் இல்லையா? நெசமாவே இல்லையா?"

"இல்லம்மா."

"ஒங்களுக்கு மட்டும் வச்சுக்கிட்டு எனக்குக் காட்டாம இருக்கீங்களோன்னு..."

எழில் எழுந்து இரண்டு திரைகளையும் அவள் பக்கம் திருப்பிக் காட்டினான். ஒன்றில் ஆபீஸ் மெயில்கள். மற்றதில் ஒன்றுமே இல்லை, கறுப்பாக இருந்தது. அவள் அந்தக் கறுப்பையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரிண்ணே" என்று படியிறங்கினாள்.

கீழே அம்மா அவளிடம் சாப்பிட்டாயா என்று கேட்பதும், அவள் தெருக்கதவைச் சாத்துவதும் கேட்டது. எழில் அறை வாசலுக்கு வந்து நின்றிருந்தான். உள்ளே போய் உட்காரத் தோன்றவில்லை.